மடுமீனின் பக்கவாட்டுத் தோற்றம்

"எங்க மீனு எங்க?"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் என் மேஜைக்கு முன்னால் நின்று கேட்டது இவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் மீன் வளர்ப்பு சம்பந்தப்பட்ட ஒரு சின்ன சர்க்கார் ஆபீசில் நான் குமாஸ்தா. சர்க்காரிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் சொல்ல வழிமுறை உண்டு. மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லலாம். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று சொல்லலாம். இது பக்கத்து ஆபீஸ் விஷயம் என்று கையைக் காட்டலாம். மூன்றிலும் கைகண்டது கடைசி வழிதான். ஆனால் அந்த அம்மாளின் மீன் எங்கள் ஆபீசில்தான் இருந்தது. அதாவது, இருந்திருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. இன்றும் எங்கள் தெருவில் யாருக்காவது வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்றால் என் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். எந்தத் தாளை எந்தத் தாளுக்கு மேல் வைத்துக் குத்த வேண்டும் என்பதுவரை எனக்குத் தெரியும். அந்த மீன் விஷயத்தில் மட்டும் யார் செய்தது சரி, எந்த மீன் எந்த மீன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்காத மாதிரியே எழுதிவைக்கிறேன்.

செம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே நடந்தால் மலையிலிருந்து இறங்கிவரும் ஓர் ஓடை. வருஷத்தில் பாதி மணல், பாதி தண்ணீர். அதன் குறுக்கே பழைய கல்லணை ஒன்று கிடந்தது. அணைக்கு மேலே, பாறைகளுக்கு நடுவில், ஆழமான ஒரு மடு. கோடையிலும் வற்றாது. ஊர் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் அந்த மடுவிலிருந்துதான் புறப்படும். மடுவில் ஒரு மீன் உண்டு. ஊரில் அதற்கு மடுமீன் என்று பெயர். யாரும் பிடிப்பதில்லை, தின்பதில்லை. சாமி மீனா என்று நான் கேட்டதற்கு, "சாமியெல்லாம் இல்லைங்க சார். அது வேலை பாக்குற மீனு" என்றார்கள்.

வேலை இதுதான். புரட்டாசியில் மலையில் மழை விழுந்து ஓடையில் புதுத்தண்ணீர் வந்ததும், ஒருவர் ஒரு சட்டிச் சோறு கொண்டுவந்து மடுவில் வீசுவார். மீன் மேலே வந்து சோற்றை எடுத்தால் அவர் தலையாட்டுவார்; உடனே வாய்க்காலைத் திறந்து எல்லோரும் நாற்றங்காலுக்கு விதைப்பார்கள். வரவில்லையென்றால், வெறும் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தபடி திரும்பிப் போவார். மறுநாள் மறுபடியும் சோறு. மலையில் மழை நிலைத்தால்தான் மீன் மேலே வரும் என்பது ஊரின் நம்பிக்கை. எல்லா வருஷமும் பலித்ததா என்று கேட்டேன். "சில வருசம் பொய் சொல்லியிருக்கு. அதுக்காக? ரேடியோக்காரன் சொல்றது மட்டும் அம்புட்டும் பலிக்குதா?" என்றார்கள்.

இதில் என்னை அசத்தியது மீன் அல்ல, சோறு வீசும் உரிமை. அது வாய்க்காலின் கடைசி வயல்காரருடையது. தலைமடைக்காரர், அதாவது வாய்க்காலின் முதல் வயலுக்குச் சொந்தக்காரர், சோற்றுச் சட்டியைத் தொடவே கூடாது. அவர் வயலுக்குத் தண்ணீர் முதலில் பாயும்; ஆகவே அவர் கண்ணுக்கு மீன் எப்போதும் தெரியும். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். மழை நடுவில் ஏமாற்றினால் முதலில் கருகுவது அவருடைய நாற்று. அவசரப்பட அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. கமிட்டி போடாமல் எப்படி இதை யோசித்தார்கள் என்று நான் வியந்திருக்கிறேன்.

எங்கள் ஆபீசுக்கு வந்த அம்மாள் அந்தக் கடைமடை வயல்காரர். நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு வயலும் சோற்றுச் சட்டியும் அவர் கைக்கு வந்தன. முந்தின வருஷம்தான் அவர் முதல்முறையாகச் சோறு வீசியது. மடுவைச் சுற்றி நின்றவர்கள் "வந்துருச்சு, வந்துருச்சு" என்று சத்தம் போட்டார்கள். தனக்குத் தெரியாதது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி அவரும் தலையாட்டிவிட்டார். மழை நின்றுபோயிற்று. மேல் வயல்கள் எப்படியோ தப்பின. அவருடைய நாற்று முழுக்கக் கருகியது. இந்த வருஷத்துக்கு அண்ணன் வீட்டிலிருந்து வாங்கிவந்த விதைநெல் குதிரில் இருந்தது. அதுவும் போனால் வயலைத் தலைமடைக்காரரிடம் ஒத்திக்கு விடுவதைத் தவிர வேறு வழியில்லை. தலைமடைக்காரர் இப்போதே அந்த வயல் வரப்பில் காலாற நடந்துபார்க்க ஆரம்பித்திருந்தார்.

"இந்தத் தடவ மீன எங் கண்ணால பாக்காம நான் தலையாட்ட மாட்டேன். மீனு மடுவுல இல்ல. ஒங்க ஆபீசுலதான இருக்கு?" என்றார் அந்த அம்மாள்.

மீன் ஏன் எங்கள் ஆபீசுக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் கல்லணையை உடைத்துக் கட்ட உத்தரவாகியிருந்தது. அணையை உடைத்தால் மடுவை இறைத்தாக வேண்டும். அப்போது எங்களுக்கு அதிகாரியாக இருந்தவர் படிப்பு முடித்துப் புதிதாக வந்த இளைஞர். எப்போதும் சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். கொடைக்கானல் பக்கத்து ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் தங்கள் தேசத்து ட்ரௌட் மீனைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்த கதையை எனக்கு அவர்தான் சொன்னார்.

"கப்பல்ல முட்டை கொண்டுவந்து, ஐஸ்ல வச்சு, மலைமேல ஏத்தியிருக்கான்யா. நம்ம ஓடையில அதே மாதிரி ஒரு மீன், யாரும் கொண்டுவராம, தானா இருக்கு. ஓடுற தண்ணி, கல்லுத் தரை, மேல விழுற பூச்சி. அதே பழக்கம். இது நம்ம ஊர் ட்ரௌட். அதுலயும் இந்த ஓடையில இருக்கிறது தனிக் கிளை. வேற எங்கயும் கிடையாது."

"எப்படி சார் தெரியும்?"

"விலாவுல இருக்கிற வரியைப் பார். துடுப்பு ஓரத்துல ஆரஞ்சு நிறம் பார்."

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மீன் என்னைப் பார்க்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

மடுவை இறைத்த அன்று ஊரில் ஒருவரும் கரைக்கு வரவில்லை. மடு வற்றுவதைப் பார்க்கக் கூடாதாம். நாங்களே வலை போட்டு மீன்களைப் பிடித்து, தகர டின்களில் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தோம். அணை வேலை முடிந்ததும் மீனைத் திருப்பி விட வேண்டும் என்று அதிகாரி உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபீசுக்குப் பின்னால் இருந்த, குஞ்சு வளர்க்கும் சின்னக் குளத்தில் மீன்களை விட்டோம். ஓடுகிற தண்ணீரில் வாழ்ந்த மீனுக்கு அந்தக் குளம் பிடிக்கவில்லை. வெயில் ஏற ஏறச் சில மிதந்தன. வாட்ச்மேன் அவற்றை வலைக்கரண்டியால் எடுத்துப் புதைப்பார். தின்றாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அதோடு அந்த இளைஞர் நின்றிருந்தால் கதையே இல்லை. இந்த ஓடை மீன் தனிக் கிளை என்று நிரூபிக்க, ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஓடையின் மீன் வேண்டுமல்லவா? சிறுமலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடையில் அதே சாயலில் மீன் பிடித்துவந்து, ஆபீஸ் கிணற்றடியில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் விட்டார். குளத்தில் மடுமீன், தொட்டியில் சிறுமலை மீன். காலையில் இதைப் பார்ப்பார், மாலையில் அதைப் பார்ப்பார். ஒன்றோடு ஒன்று கலந்தால் கிளையே அழிந்துவிடும் என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆடியில் அவருக்கு மாற்றல் வந்தது. பூதக்கண்ணாடியோடு புறப்பட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் வயதானவர். நேர்மையானவர், விதியிலிருந்து ஒரு நூல்கூட விலகாதவர். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்; என்னைப் போலவே இருந்தார். அவர் வந்த கையோடு ஒரு தந்தி வந்தது. வேகமாக வளரும் வடநாட்டுக் கெண்டைக் குஞ்சுகள் எங்கள் குளத்துக்காக ரயில் ஏறிவிட்டன. குஞ்சு விடுவதற்கு முன்னால் குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து, ஏற்கெனவே இருக்கும் களை மீனைக் கொல்ல வேண்டும் என்பது விதி. பயிருக்குக் களை போல, வளர்ப்பு மீனுக்கு மற்ற மீனெல்லாம் களை.

"சார், குளத்துல அந்த ஊர் மீன் இருக்கு" என்றேன்.

"சந்தையில விலை போகுமா?"

"அதை யாரும் திங்கிறதில்லை சார்."

"அப்ப களை மீன்."

"திருப்பி விடணும்னு உத்தரவு இருக்கு சார்."

"எப்ப?"

"அணை வேலை முடிஞ்சதும்."

"முடிஞ்சுதா?"

"இல்லை சார்."

"அப்ப அந்த உத்தரவுக்கு இன்னும் வேளை வரல. தந்திக்கு வந்துருச்சு."

இதில் எங்கே தவறு என்று நான் அன்று முழுதும் யோசித்தேன். இன்றும் யோசிக்கிறேன். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: புண்ணாக்குக் கரைப்பதற்கு முன்னால் வாட்ச்மேன் மடுமீன்களை வலையில் அரித்துத் தொட்டிக்கு மாற்றிவிடட்டும். தொட்டியில் சிறுமலை மீன் இருக்கிறதே என்றேன். நடுவில் மூங்கில் தட்டி வைக்கச் சொன்னார். விதிக்கும் உத்தரவுக்கும் தந்திக்கும் ஒரே சமயத்தில் பொருந்தும் ஏற்பாடு. என் சர்வீசில் அப்படி ஓர் ஏற்பாட்டை நான் அதிகம் கண்டதில்லை.

வாட்ச்மேன் அரித்ததில் அகப்பட்டவை தொட்டிக்குப் போயின. அகப்படாதவை புண்ணாக்கில் செத்தன. மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது மூங்கில் தட்டி தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் எந்த மீன்?" என்று கேட்டேன்.

"தட்டி இருந்தப்ப வடக்க மடு மீனு, தெக்க சிறுமலை மீனு சார்" என்றார் வாட்ச்மேன்.

"இப்ப?"

"இப்பத் தட்டி இல்லையே சார். எல்லாம் மீனுதான்."

இந்த நிலையில்தான் அந்த அம்மாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அணை வேலை முடிந்திருந்தது. மேற்கே மேகம் திரள ஆரம்பித்திருந்தது.

வேறு வழியில்லாமல் நடந்ததையெல்லாம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இந்தா, இது எங்க மீனு." கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுவும்." இன்னும் கொஞ்ச நேரம். "எல்லாமே எங்க மீனாட்டமில்ல இருக்கு!"

நான் ஒரு மீனைக் கண்ணாடி ஜாடியில் அள்ளி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

"இதென்னா அப்பு, வெள்ளையா, வரி வரியா இருக்கு? எங்க மீனு கருப்பு."

"முதுகு கருப்பு அக்கா. பக்கத்துல இப்படித்தான்."

"பக்கத்துல நாங்க எங்கிட்டுப் பாத்தோம்? கரையில நின்னு மேல இருந்துதானே பாத்திருக்கோம்?"

ஆகக் கூடி, பூதக்கண்ணாடி வைத்திருந்தவர் மீனின் பக்கத்தைத்தான் பார்த்திருந்தார். ஊர் அதன் முதுகைத்தான் பார்த்திருந்தது. இருவருக்கும் பொதுவாக ஓர் அங்குலம்கூட இல்லை.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "உங்க மீன் எதுன்னு அடையாளம் காட்டுங்கம்மா. காட்டினதை ஒப்படைக்கிறோம்" என்றார். பொருளை இழந்தவர் அடையாளம் சொல்லி மீட்பது முறைதான்.

"மாட்டக் காணோம்னா கொம்பச் சொல்லுவேன், சுழியச் சொல்லுவேன். மீனுக்கு எதய்யா சொல்ல?"

"அப்ப எல்லாத்தையும் கொடுத்துடலாமா சார்?" என்றேன்.

"சிறுமலை மீனை அந்த ஓடையில விடக்கூடாதுன்னு முன்னாடி இருந்தவர் சொல்லிட்டுப் போயிருக்காரே. கலந்துடக் கூடாது."

"அப்ப எதையும் கொடுக்க வேண்டாமா?"

"திருப்பி விடணும்னு உத்தரவு இருக்கே."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க பேசி முடிங்க. நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்று கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

துடுப்பு ஓரத்தில் ஆரஞ்சு நிறம் இருந்தால் மடுமீன் என்று முந்தைய அதிகாரி சொன்னது எனக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு மீனாக ஜாடியில் எடுத்து அதிகாரி பார்த்தார், நான் பார்த்தேன், வாட்ச்மேன் பார்த்தார். அதிகாரி ஆரஞ்சு என்றதை நான் மஞ்சள் என்றேன். நான் ஆரஞ்சு என்றதை வாட்ச்மேன், "அது அழுக்கு சார்" என்றார். கடைசியில், இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் அது மடுமீன் என்று தீர்மானித்தோம். தேசத்தில் ஜனநாயகம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதன்மேல் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்த காலம்.

அப்படித் தேர்தலில் ஜெயித்த மீன்களை ஒரு டின்னில் போட்டுக்கொண்டு, அந்த அம்மாளோடு பஸ் ஏறினேன். நிலக்கோட்டைக்குத் திரும்பும் காலிப் பூக்கூடைகளுக்கு நடுவில் டின்னை இடுக்கி வைத்து, மீனுக்கு மூச்சு முட்டாதிருக்கக் கையால் தண்ணீரை அலைத்துக்கொண்டே போனேன். கூடைகளில் ஒட்டிக்கிடந்த வதங்கிய மல்லிகை ஒவ்வொன்றாக டின்னுக்குள் விழுந்தது.

"டின்னுல என்னா சார்?" என்றார் கண்டக்டர்.

"மீன்."

"லக்கேஜ் போடணும்."

"உயிரோட இருக்குப்பா."

"அப்பச் சரி, டிக்கெட்டாப் போட்டுருவோம். எல்லாம் பெரிய ஆளுகளா?"

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "பேச்சு மும்முரத்துல கைய நிறுத்திராத அப்பு" என்றார்.

புது அணையின் சிமெண்டு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. மடுவில் கொஞ்சம் தண்ணீர் ஊறியிருந்தது. டின்னைச் சாய்த்தேன். மீன்கள் வழுக்கிப் போய்ப் பாறை நிழலில் மறைந்தன. மேலிருந்து பார்த்தபோது ஒரு கணம் எல்லாம் கருப்பாகத்தான் தெரிந்தன.

அந்த வாரமே மலையில் மழை. ஓடையில் புதுத்தண்ணீர் இறங்கிவிட்டதாகப் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். திருப்பி விட்ட மீன் பிழைத்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி அதிகாரி என்னை அனுப்பினார். நான் போனபோது மடுவைச் சுற்றி ஊரே நின்றது. தண்ணீர் செம்மண் கலங்கி, சருகும் நுரையுமாகச் சுழன்றுகொண்டிருந்தது. தலைமடைக்காரர் அணைமேல் நின்றார். நல்ல உயரம், தோளில் புதுத் துண்டு.

"மீனு கவர்மெண்டு மீனு. கிளார்க்கு சாரும் வந்துட்டாரு. சோறு ஒண்ணுதான் பாக்கி. வீசு தாயி, விதைக்கப் போகணும்" என்றார்.

அந்த அம்மாள் ஒரு பிடி சோற்றை வீசினார். சோறு பரவி மெதுவாக அமிழ்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, பாறைக்குப் பக்கத்தில் ஒரு வளையம் எழுந்து விரிந்தது.

"வந்துருச்சு! பாத்தீகளா!" என்றார் தலைமடைக்காரர். கூட்டமும் சத்தம் போட்டது.

"வளையந்தான் வந்துச்சு" என்றார் அம்மாள்.

"மீனில்லாம வளையம் எங்கிட்டிருந்து வரும்?"

"தவளை குதிச்சாலும் வளையந்தான். நீங்க குதிச்சுப் பாருங்க, பெரிய வளையமா வரும்."

கூட்டம் சிரித்தது. தலைமடைக்காரர் சிரிக்கவில்லை. "பொம்பளைக்கு இம்புட்டுப் பிடிவாதம் ஆகாது தாயி. தண்ணி வீணாப் போகுது."

"போன வருசம் நீங்க பாத்தீக, நான் விதைச்சேன். கருகுனது யாரு நாத்து?"

இன்னொரு பிடி வீசினார். மறுபடி ஒரு வளையம். அதன் நடுவில் ஏதோ மின்னியது போலவும் இருந்தது, நுரை போலவும் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா அப்பு?"

கூட்டம் முழுதும் என்னைப் பார்த்தது. ஆமாம் என்றால் அவர் தலையாட்டுவார். மழை நின்றால் வயல் போகும். இல்லை என்றால் ஓடையில் வந்த தண்ணீர் அணை தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். நாள் தள்ளிப்போனால் பருவமே போகும், எல்லோருக்கும். நான் கண்டதை மட்டும் சொன்னேன்.

"வளையம் பாத்தேன் அக்கா. மீனைப் பாக்கல."

"பாத்திருந்தாலும்?" என்றார் அவர், என்னிடமா ஊரிடமா என்று தெரியாதபடி. "அது எங்க மீனா, சிறுமலை மீனான்னு ஆருக்குத் தெரியும்? சிறுமலை மீனுக்கு எங்க மலை மழையப் பத்தி என்னா தெரியும்?"

அந்தக் கேள்விக்குப் பூதக்கண்ணாடியிலும் விடை இருந்திருக்காது.

அம்மாள் சட்டியைக் கீழே வைத்தார்.

"தொறங்க வாய்க்கால. ஆனா ஒண்ணு. மீனு தானா வரல, தூக்கிக் கொண்டாந்து விட்டிருக்கு. தண்ணியும் அப்படியே வரட்டும். எல்லா வயல் மடையையும் அடைங்க. மொதத் தண்ணி நேரா கடைமடைக்கு. என் நாத்தங்கால் நனைஞ்ச பெறகு ஒண்ணொண்ணா மேல தொறந்துக்கிட்டே போங்க."

"இது எந்த ஊரு வழக்கம்?" என்று தலைமடைக்காரர் அணையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"மீன பஸ்ஸுல டிக்கெட்டு எடுத்துக் கொண்டாந்தது எந்த ஊரு வழக்கம்?"

தலைமடைக்காரர் என்னிடம் திரும்பினார். "சார், நீங்க சட்டம் தெரிஞ்சவரு. இப்படி ஒண்ணு இருக்கா, சொல்லுங்க."

பாசனம் எங்கள் ஆபீஸ் விஷயம் அல்ல. பக்கத்து ஆபீஸ் என்று கையைக் காட்டியிருக்கலாம். ஆனால் தண்ணீர் போதாத காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சும்போது கடைமடையிலிருந்து தொடங்கலாம் என்று எங்கோ படித்த நினைவு எனக்கு இருந்தது. எங்கே என்று அப்போதும் தெரியவில்லை. பிறகு எத்தனையோ புத்தகங்களைப் புரட்டியும் அகப்படவில்லை. இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

"உண்டு" என்றேன்.

"எழுத்துல இருக்கா?"

"இருக்கு."

சர்க்கார் ஆள் சொன்னால் எழுத்தில் இருக்கும் என்று நம்பிய காலம் அது. தலைமடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய்த் தன் வயல் மடையை அடைத்தார். கோபத்தில் வைக்கோலை அதிகமாகவே திணித்தார்; அதனால் அந்த மடை கொஞ்சமும் ஒழுகவில்லை.

வாய்க்காலைத் திறந்தார்கள். தண்ணீர் நாக்கை நீட்டி, காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டது. கூட்டம் அதனோடு கரையில் நடந்தது. வெடிப்புகளில் புகுந்து தண்ணீர் நிற்கும்போது நாங்களும் நின்றோம். அது நகர்ந்ததும் நடந்தோம். அந்த அம்மாள் எல்லோருக்கும் முன்னால், தண்ணீரின் நுனிக்கும் முன்னால், பின்பக்கமாக நடந்தபடி அதையே பார்த்துக்கொண்டு போனார். அது வேறு எங்கும் திரும்பிவிடக் கூடாதே என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

வெயில் தாழும் நேரத்தில் தண்ணீர் அவர் நாற்றங்காலில் நுழைந்தது. மண் பெருமூச்சு விடுவது போலக் குமிழ் விட்டது. நிறைந்ததும், அடுத்தவருக்கு விட, அம்மாள் தன் மடையை அடைக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பு, இங்க வா."

மடை வாயில், கணுக்கால் அளவு தண்ணீரில், கருப்பு முதுகோடு ஒரு சின்ன மீன் நீரோட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. மடுவிலிருந்து தண்ணீரோடு தானாக இறங்கி வந்திருக்கிறது. அம்மாள் இரண்டு கையாலும் அதைத் தண்ணீரோடு அள்ளினார். முதலில் மேலிருந்து பார்த்தார். பிறகு கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பக்கத்திலிருந்து பார்த்தார். விலாவில் வரிகள் தெரிந்தன. துடுப்பு ஓரத்தில் ஆரஞ்சு இருந்தது. மாலை வெயிலில் அவர் விரல்கள்கூட ஆரஞ்சாகத்தான் இருந்தன.

"இது எங்க மீனா, சிறுமலை மீனா?"

"தெரியல அக்கா."

"இது வந்ததுக்கு என்னா அர்த்தம்? மழை நெலைக்குமா, போயிருமா?"

"அதுவும் தெரியல."

"ஒனக்கு என்னாதான் தெரியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மேல் வயல்காரர் மடையைச் சீக்கிரம் அடைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். "இந்தா, செத்த நேரம் இதப் பிடி" என்று மீனைத் தண்ணீரோடு என் கையில் ஊற்றிவிட்டு, அவர் சேற்றை அள்ளப் போய்விட்டார்.

மீன் என் உள்ளங்கையில் முட்டிக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக் குறைந்தது. வாய்க்காலில் விட்டால் யார் வயலிலாவது மாட்டிக் காய்ந்துபோகும். மடு வெகு தூரத்தில் இருந்தது. சிறுமலை அதைவிடத் தூரம். எந்த விதியில் இதற்கு இடம் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு கையைக் குவித்துக்கொண்டு, வழியில் அங்கங்கே குனிந்து வாய்க்கால் தண்ணீரை மொண்டு நிரப்பியபடி, வரப்போடு மடுவை நோக்கி ஓட ஆரம்பித்தேன்.